செருப்புப் போட்ட சாய்வெழுத்து

அந்தத் திங்கட்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் ரோட்டுச் சண்முகானந்தா அச்சுக்கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்:

முதலாளி தம்புசாமி. வயது ஐம்பது. ஆட்களை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத்தான் பார்ப்பார். கண்ணாடி வழியாகப் பார்ப்பது தாளை மட்டும்.

அவர் மனைவி புஷ்பவல்லி. தாள் மடிக்கிற மேசை அவருடைய ராஜ்யம். அச்சில் பிழை கண்டுபிடிப்பதும் அவர்தான். கண்டுபிடித்ததை அவர் சொல்லும் அழகில், பிழை விட்டவனுக்கு ஒரு வாரம் சோறு இறங்காது.

கை அச்சு இழுக்கும் ராதாகிருஷ்ணன். தோள் பெரிது. வாய் அதைவிடப் பெரிது.

அச்சுக் கோக்கும் அய்யாவு. முப்பத்தாறு வயதில் பதினான்கு வருடம் எழுத்துப் பெட்டியின் முன்னால் நின்றே கழிந்திருந்தது. அச்செழுத்து இடவலம் மாறி இருக்கும். மற்றவர்கள் கண்ணாடியில் காட்டித்தான் அதைப் படிக்க வேண்டும். அய்யாவு அதைப் பேப்பர் படிப்பதுபோலப் படிப்பான். பேப்பரைக் கொடுத்தால்தான் கொஞ்சம் திணறுவான்.

கடைசியாக, கிள்ளானிலிருந்து முதல் ரயிலில் வந்து இறங்கிய முத்து முகம்மது ராவுத்தர். ஆற்றோரத் திடலில் கூடாரம் அடித்துக் குஸ்திப் பந்தயம் நடத்துகிறவர். அவர் கையில் இரண்டு நோட்டீஸ்கள். முதலாவதை மேசையில் விரித்து, மூலைக்கொன்றாக அங்கிருந்த கோப்பிக் கிளாஸ்களை எடுத்து வைத்தார்.

"இது இங்கிலீஷ் நோட்டீஸ். வெள்ளைக்காரன் அச்சாபீஸ்ல அடிச்சது. பாருங்க."

பார்த்தார்கள். கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. தடித்த எழுத்துகள், எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து, எதிர்க்காற்றில் ஓடுகிறவனைப் போல இருந்தன. ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பாதம் இருந்ததால்தான் அத்தனை சாய்ந்தும் எழுத்து விழவில்லை என்று அய்யாவுக்குத் தோன்றியது.

"எழுத்துக்குச் செருப்பு மாட்டிருக்கான் அண்ணே," என்றான் ராதாகிருஷ்ணன். அன்றிலிருந்து அந்த அச்சுக்கூடத்தில் அதற்குப் பெயர் செருப்புதான்.

ராவுத்தர் இரண்டாவது நோட்டீஸை எடுத்தார். போன மாதம் இதே கூடத்தில் அடித்த தமிழ் நோட்டீஸ். கடையில் இருந்த ஒரே பெரிய கட்டையெழுத்தில் அடித்தது. கருமாதி, கோயில் திருவிழா, இருமல் மருந்து, குஸ்தி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே எழுத்துதான்.

"இதையும் பாருங்க. எழுத்தெல்லாம் எப்படி நிக்குது? குஸ்திக்காரன் மாதிரியா இருக்கு? பேங்கு வாசல்ல காவல் நிக்கிற ஜாகா மாதிரி இருக்குலா. பாசார்ல ஒருத்தன் இதைப் பார்த்துட்டு என்கிட்ட வந்து கேக்குறான், 'பாய், யாரு மவுத்து ஆயிட்டாங்க'ன்னு."

புஷ்பவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வர்ற சனிக்கிழமை பந்தயம். நம்ம போர்ட் சிவெட்டன்ஹாம் மலையாண்டிக்கும் செந்தூல் நிரஞ்சன் சிங்குக்கும். வியாழக்கிழமை பொழுது சாயுறதுக்குள்ள கிள்ளான் சுவருலயும் இங்க சுவருலயும் நோட்டீஸ் ஏறணும். இங்கிலீஷ் எழுத்து ஓடுதுல்ல, அதே மாதிரி தமிழும் ஓடணும். இல்லேன்னா சொல்லிடுங்க, நான் பத்து ரோட்டு பிரஸ்ஸுக்குப் போறேன்."

"ராவுத்தரே, சாஞ்ச தமிழெழுத்து நம்மகிட்ட ஏது?" என்றார் தம்புசாமி. "மெட்ராசுக்கு எழுதிப் போட்டா கப்பல்ல வந்து சேர மூணு மாசம் ஆகும்."

"நான் பண்றேன்," என்றான் அய்யாவு.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவனுக்கே வாய் தன்னுடையதுதானா என்று சந்தேகம் வந்தது. ஆனால் சொன்ன சொல் அச்சேறிய தாள் மாதிரி. திரும்ப வெள்ளையாகாது.

"பேரு ரெண்டையும் மரத்துல வெட்டித் தரேன். பன்னெண்டு கட்டை. மத்த வரியெல்லாம் இருக்குற எழுத்துலயே போயிடும்."

ராவுத்தர் தாடியை நீவிக்கொண்டு, வியாழன் மதியம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் தம்புசாமி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஊர் நிலைமை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரப்பர் விலை விழுந்தது, ஈயமும் விழுந்தது. தோட்டத்தில் வேலை போனவர்களைக் கப்பலில் ஏற்றி இலவசமாக நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்கள்கூடக் குறைந்துபோனார்கள். கருமாதிப் பத்திரிகை மட்டும் குறையவில்லை, ஆனால் அதை வைத்து ஒரு அச்சுக்கூடம் பிழைக்க முடியாது.

"சொல்லிட்ட. சரி," என்றார் தம்புசாமி. "நானும் ஒண்ணு சொல்லிடறேன். ராவுத்தரு நோட்டீஸு கைவிட்டுப் போச்சுன்னா எழுத்துக் கோக்க இங்க தனி ஆளு எதுக்கு? இருக்குறதை நானே கோத்துக்குவேன். அடுத்த திங்கக்கிழமை நீ அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்."

அந்தக் கதவு இரண்டு பலகைக் கதவு. பெரிய பித்தளைப் பூட்டு ஒன்று அதன் காதில் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும்.

கதவுக்கு அந்தப் பக்கம் என்றால் என்னவென்று அய்யாவுக்குத் தெரியும். வேலையில்லாதவன் பட்டியல், கப்பல், நாகப்பட்டினம். "ஊருக்குத் திரும்புகிறார்கள்" என்று எல்லோரும் சொன்னார்கள். அய்யாவு பிறந்தது கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில். நாகப்பட்டினத்தை அவன் கடித உறையின் மேல் எழுதிய முகவரியில் மட்டும்தான் பார்த்திருக்கிறான். பார்க்காத ஊருக்கு எப்படித் திரும்புவது என்பதை யாரும் அவனுக்கு விளக்கவில்லை.

கவலைப்பட்டுக்கொண்டு உட்காரும் ஆள் இல்லை அவன். இங்கிலீஷ் நோட்டீஸைச் சுவரில் ஆணியடித்து மாட்டினான். பென்சிலைச் சீவிக் காதில் செருகினான்.

முதல் கேள்வி, எவ்வளவு சாய்ப்பது? கொஞ்சமாகச் சாய்ந்தால் அச்சுப் பிசகு என்று நினைப்பார்கள். அதிகமாகச் சாய்ந்தால் எழுத்து படுத்துவிடும். ராதாகிருஷ்ணனைக் கூப்பிட்டு, மூலையில் கிடந்த தாள் கட்டைத் தோளால் தள்ளச் சொன்னான்.

"எங்க தள்ளணும் அண்ணே?"

"எங்கயும் வேணாம். தள்ளிக்கிட்டே இரு."

ராதாகிருஷ்ணன் மூச்சுப் பிடித்துத் தள்ள, அய்யாவு அவன் முதுகின் ஓரமாக ஒரு அளவுகோலைப் பிடித்து, அந்தச் சாய்வை அப்படியே ஒரு அட்டையில் கோடாக இழுத்துக்கொண்டான். மலையாண்டியும் நிரஞ்சன் சிங்கும் அதற்குப் பிறகு அந்த முதுகின் கோணத்தில்தான் சாய்ந்தார்கள். இது ராதாகிருஷ்ணனுக்குத் தெரிந்ததும், இரண்டு நாள் எல்லோரிடமும் தன் முதுகைக் காட்டிக்கொண்டு திரிந்தான்.

அடுத்தது தடிமன். தமிழெழுத்தில் சுழி அதிகம். கோட்டைத் தடிப்பாக்கினால் சுழியின் கண் சின்னதாகும், சின்னக் கண்ணில் மை அடைத்துக்கொள்ளும். 'ஞ்' என்ற எழுத்து அவனை அரைநாள் அலைக்கழித்தது. கடைசியில் வெளிக்கோட்டைத் தடிப்பாகவும், சுழிக்குள் போகிற வாலை மெல்லிசாகவும் வைத்தான். அப்புறம்தான் அந்த எழுத்து மூச்சு விட்டது.

புள்ளிகளும் தொல்லை கொடுத்தன. எழுத்து சாய்ந்துவிட்டது, புள்ளி மட்டும் பழைய இடத்திலேயே நின்றால், தலை போன பிறகு தொப்பி அந்தரத்தில் நிற்பது மாதிரி. புள்ளியைத் தலையோடு நகர்த்தினான். 'டி'யின் கொக்கி பக்கத்து எழுத்தின் மேல் இடித்தது, அதைக் குட்டையாக்கினான். 'ம' அடியில் தட்டையானது, அதற்குச் செருப்பு மாட்டுவது சுலபம். யானைபோலத் தும்பிக்கை தூக்கிய அந்தக் காலத்து 'லை'க்கு எங்கே மாட்டுவது? யானைக்கு யார் செருப்புத் தைப்பது? தும்பிக்கையின் நுனியில் ஒரு சின்ன வெட்டுக் கொடுத்து விட்டுவிட்டான்.

புஷ்பவல்லி தாள் மடித்தபடியே கேட்டார். "இந்த எழுத்து வந்துட்டா எல்லாத்துக்கும் இதையே போடுவியா?"

"ஐயோ, வேணாங்கக்கா. இது கத்துற எழுத்து. குஸ்திக்குப் போடலாம், ஜவுளிக் கடைக்குப் போடலாம், 'எச்சில் துப்பாதீர்'ன்னு போடலாம். கருமாதிப் பத்திரிகையில போட்டா செத்தவரு எழும்பி ஓடுற மாதிரி இருக்கும்."

"கல்யாணத்துக்கு?"

"மாப்பிள்ளை ஓடுற மாதிரி இருக்கும்."

தம்புசாமிகூடச் சிரித்தார். சிரித்துவிட்டு, சிரித்ததற்காக எரிச்சலாகி உள்ளே போனார்.

வழக்கப்படி, தாளில் எழுத்தை நேராக வரைந்து, அந்தத் தாளைக் கட்டையின் மேல் குப்புற ஒட்ட வேண்டும். எழுத்து தானாக இடவலம் மாறிவிடும். பெண்டாட்டி பிள்ளை உள்ள எவனும் அப்படித்தான் செய்வான். அய்யாவு செய்யவில்லை. "எனக்கு எதுக்கு அந்தச் சுத்து வழி? மாத்தி எழுதுறதுதான் எனக்குத் தாய்மொழி," என்று சொல்லிக்கொண்டு கட்டையின் மேலேயே நேரடியாக, இடவலம் மாற்றி, பன்னிரண்டு எழுத்தையும் மடமடவென்று வரைந்தான். ராதாகிருஷ்ணன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். அய்யாவுக்கு அது பிடித்திருந்தது.

வெட்டியவர் தெருக்கோடி ஆ லியோங். அந்தச் சீனர் நிலாப் பண்டிகைப் பலகாரத்துக்கு மர அச்சு வெட்டுகிறவர். பண்டிகை முடிந்து வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. அதனாலேயே கோட்டை விட்டு மயிரளவும் விலகமாட்டார். புதன்கிழமை மதியம் பன்னிரண்டு கட்டையும் வந்து சேர்ந்தன. விளிம்பு கத்தி போல இருந்தது, செருப்பெல்லாம் சுத்தமாக விழுந்திருந்தது. ஒரு கட்டையில்கூடச் சிம்பு இல்லை.

அய்யாவு அவற்றை வரிசையாக அடுக்கி இறுக்கினான். ராதாகிருஷ்ணன் மை உருட்டித் தாள் விரித்தான். கைப்பிடியை இழுத்தான். தாளைத் தூக்கினான்.

எல்லோரும் தாளைச் சுற்றி நெருங்கினார்கள்.

எழுத்துகள் அழகாக இருந்தன. தடிப்பு சரி, சுழி சரி, புள்ளி சரி, செருப்பு பிரமாதம். ஆனால் பன்னிரண்டு எழுத்தும் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. முன்னால் பாய்வதற்குப் பதில் பின்னால் சரிந்தன.

"என்னடா இது," என்றார் தம்புசாமி. "ரெண்டு பேரும் கள்ளுக்கடையிலேர்ந்து வர்ற மாதிரி இருக்கு."

"அடி வாங்கிட்டாங்க," என்றார் புஷ்பவல்லி. "பந்தயம் முடிஞ்சப்புறம் ஒட்டுற நோட்டீஸு போல."

அய்யாவின் காது இரண்டும் சூடாகிவிட்டன. கட்டையைப் பார்த்தான், சுவரில் மாட்டியிருந்த இங்கிலீஷ் நோட்டீஸைப் பார்த்தான், திரும்பக் கட்டையைப் பார்த்தான். புரிந்துபோயிற்று. எழுத்தின் உருவத்தை அவன் பதினான்கு வருடமாக இடவலம் மாறியே அறிந்தவன். அது கையில் தானாக மாறி வந்தது. சாய்வின் அளவு ராதாகிருஷ்ணன் முதுகிலிருந்து வந்தது, ஆனால் எந்தப் பக்கம் சாய்வது என்பதை அவன் சுவரில் இருந்த நோட்டீஸிலிருந்து எடுத்தான். அது அச்சான தாள், நேராக இருந்தது. எழுத்தை மாற்றினவன் சாய்வை மாற்றவில்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் தாளில் வரைந்து குப்புற ஒட்டியிருப்பான், இந்தத் தவறு வந்தே இருக்காது. இந்தத் தவறைச் செய்யப் பதினான்கு வருட அனுபவம் வேண்டும்.

"கட்டையைத் தலைகீழாத் திருப்பிப் போட்டா?" என்றான் ராதாகிருஷ்ணன்.

"எழுத்து தலைகீழா நிக்கும். சாயறது அதே பக்கம்தான் சாயும்." அய்யாவு உள்ளங்கையைச் சாய்த்துப் பிடித்துச் சுற்றிக் காட்டினான். எப்படிச் சுற்றினாலும் கை அதே பக்கம்தான் சாய்ந்தது.

"தாளுல எண்ணெய் தடவி, பின்பக்கத்தைக் காட்டி ஒட்டினா? சாய்வு மாறிடும்ல?"

"மாறிடும். எழுத்தும் மாறிடும். அப்புறம் கிள்ளான்ல என்னைத் தவிர எவனும் படிக்க மாட்டான்."

அடித்த தாளையும் கட்டைகளையும் எடுத்துக்கொண்டு அய்யாவு தெருக்கோடிக்கு ஓடினான். ஆ லியோங் தன் உளியைத் துடைத்தபடி, கட்டையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை அடக்கத் தெரியாத மனிதர். "சாயா இக்குட் சாஜா," என்றார். நீ கோடு போட்டாய், நான் கோட்டு வழியே போனேன் என்று அர்த்தம். மறுக்க என்ன இருக்கிறது?

பன்னிரண்டையும் திரும்ப வெட்ட முடியுமா? ஆ லியோங் ஒரு கையின் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். வியாழன் மதியத்துக்குள் ஐந்து. அதற்கு மேல் ஒன்றுகூட முடியாது.

'மலையாண்டி' ஐந்து கட்டை. நிரஞ்சன் சிங் ஏழு. யோசிக்க இடமில்லை. அய்யாவு தாளை வாங்கினான், 'மலையாண்டி'யை நேராக வரைந்தான், தாளைக் கட்டையில் குப்புற ஒட்டினான், பெண்டாட்டி பிள்ளை உள்ளவனைப் போல.

வியாழன் மதியம் ஐந்து கட்டையும் சுடச்சுட வந்தன. மற்ற வரிகளையெல்லாம் ஏற்கெனவே கோத்து வைத்திருந்தான். குஸ்தி நோட்டீஸ் என்றால் ஒரு முறை உண்டு: தாள் நெட்டுவாட்டில் நிற்கும். மேலே ஒரு பெயர், நடுவில் 'எதிர்', கீழே இன்னொரு பெயர். அப்படித்தான் எல்லோரும் அடிப்பார்கள், அப்படித்தான் அவனும் அடுக்கினான். ராதாகிருஷ்ணன் ஒரு தாள் இழுத்தான்.

மேலே மலையாண்டி முன்னால் பாய்ந்துகொண்டிருந்தான். கீழே நிரஞ்சன் சிங் மல்லாக்கச் சரிந்துகொண்டிருந்தார்.

"செந்தூல் ஆளுங்க இதைப் பார்த்தா பந்தயத்துக்குக் காத்திருக்க மாட்டாங்க," என்றார் தம்புசாமி. "நேரா இங்கதான் வருவாங்க. என் கடைக் கண்ணாடியெல்லாம் புதுசு."

புஷ்பவல்லி எட்டிப் பார்த்தார். "ஆமா, இந்த சிங்கு எதுக்கு இப்படிப் பின்னால சாயுறாரு? மலையாண்டிதான் அவரு தலைக்கு மேல வேற எங்கயோ ஓடுறானே. இவனுக்கு அவரைத் தெரியவே தெரியாது போல. ரெண்டு பேரும் எதிர் எதிரா நிக்க வேணாமா?"

அய்யாவு அவரைப் பார்த்தான். அப்புறம் தாளைப் பார்த்தான். அப்புறம் சுத்தியலை எடுத்து, இறுக்கியிருந்த ஆப்புகளைத் தட்டிக் கழற்ற ஆரம்பித்தான்.

"டேய், என்ன பண்ற? ராவுத்தரு வர்ற நேரம்!"

"தாளை அகலவாட்டுல போடு," என்றான் ராதாகிருஷ்ணனிடம். "படுக்க வை."

"நோட்டீஸைப் படுக்க வைக்கிறதா? யாராவது—"

"போடுடா."

எல்லாக் கட்டைகளையும் கலைத்தான். ஒரே வரி. தாளில் இடப்பக்கம் மலையாண்டி, வலப்பக்கம் நிரஞ்சன் சிங். 'எதிர்' என்ற சொல்லை எடுத்துவிட்டான். அது தேவைப்படாது என்று அவன் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. தேதி, இடம், நேரம் எல்லாம் கீழே. இறுக்கினான். மை. தாள். ராதாகிருஷ்ணன் தன் புகழ்பெற்ற முதுகைச் சாய்த்துக் கைப்பிடியை இழுக்கிற நேரத்தில் வாசலில் முத்து முகம்மது ராவுத்தரின் குடை மடங்கியது.

"ஆச்சா தம்பி?"

ராதாகிருஷ்ணன் தாளை உரித்துத் தூக்கிப் பிடித்தான். மை பளபளத்தது.

இடப்பக்கத்து எழுத்தெல்லாம் வலப்பக்கமாகச் சாய்ந்து பாய்ந்தன. வலப்பக்கத்து எழுத்தெல்லாம் இடப்பக்கமாகச் சாய்ந்து எதிர்த்து நின்றன. நடுவில், 'டி'யின் தலையும் 'நி'யின் தலையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. கீழே, செருப்புப் போட்ட கால்கள் இரண்டு பக்கமும் தரையை ஊன்றித் தள்ளின. தலைகள் முட்டிய இடத்துக்குக் கீழே கூடாரம் போல ஒரு வெள்ளை முக்கோணம் விழுந்திருந்தது.

ராவுத்தர் குடையைக் கீழே போட்டார். இரண்டு அடி பின்னால் போனார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். தோளைக்கூட ஒரு முறை குலுக்கிக்கொண்டார்.

"முட்டுதுப்பா!" என்றார். "யா அல்லா, ரெண்டும் முட்டுதுப்பா!"

அய்யாவு சுத்தியலை மேசையில் வைத்தான்.

"நடுவுல இந்தக் காலி இடம் என்ன தம்பி? ஏதாவது படம் போடறதா?"

"அது ரெஃப்ரிக்கு," என்றான் ராதாகிருஷ்ணன்.

"இதை எப்படிப்பா யோசிச்ச? ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படி. வெள்ளைக்காரன்கூட ஒரே பக்கமாத்தான் சாச்சு வச்சிருக்கான்."

அய்யாவு வாயைத் திறந்தான். புஷ்பவல்லி முந்திக்கொண்டார். "அவன் மூணு நாளாச் சோறு தண்ணி இல்லாம யோசிச்சது, ராவுத்தரே." அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

பொழுது சாய்வதற்குள் ஐந்நூறு தாள் இழுத்தார்கள். முந்நூறு கிள்ளான் ரயிலில் போயிற்று. மிச்சத்தை ராவுத்தரின் ஆட்கள் பிரிக்பீல்ட்ஸிலிருந்து செந்தூல் வரை, ரயில்வே சுவர், கள்ளுக்கடைச் சுவர், செங்கல் சூளைச் சுவர் என்று ஒரு சுவரையும் விடாமல் ஒட்டினார்கள்.

தம்புசாமி அன்று மாலை அய்யாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாராட்டு அவர் வாயிலிருந்து வருவது அவர் வாயிலிருந்து பல் வருவது போல. வந்தால் வலிக்கும். "திங்கக்கிழமை" என்ற சொல்லை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

வெள்ளிக்கிழமை நோட்டீஸ் வேலை செய்ய ஆரம்பித்தது. பிரிக்பீல்ட்ஸ் கோப்பிக் கடைகளில் இரண்டு கட்சி உருவாயிற்று. மலையாண்டிதான் அதிகமாகத் தள்ளுகிறான், 'டி'யின் தலை ஒரு நூல் முன்னால் இருக்கிறது என்று ஒரு கட்சி. இல்லை, சிங்குக்கு ஏழு எழுத்து, மலையாண்டிக்கு ஐந்து எழுத்துதான், கூட்டம் அந்தப் பக்கம்தான் அதிகம் என்று இன்னொரு கட்சி. படிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகமாகச் சண்டை போட்டார்கள். யார் பெயர் எது என்றுகூடத் தெரியாமல், எந்தப் பக்கத்து எழுத்து தள்ளும் என்று பந்தயம் கட்டினார்கள். கிள்ளான் பாசாரில் ஒருவன் கையில் குச்சியை வைத்து அந்த முக்கோணத்தை அளந்தான் என்று கேள்வி. எதற்கென்று அவனுக்கும் தெரியாது.

சனிக்கிழமை மாலை திடலில் இடம் கொள்ளவில்லை. அய்யாவை ராவுத்தர் முதல் வரிசையில் உட்கார வைத்தார். மலையாண்டியும் நிரஞ்சன் சிங்கும் மண்ணில் இறங்கியவுடன் நேராகத் தலையோடு தலை முட்டிக்கொண்டு தள்ளினார்கள். அப்படிப் பிடிப்பது அவர்கள் இருவருக்கும் வழக்கம் இல்லை என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். நோட்டீஸில் அப்படி இருந்ததால் ஜனம் அதைத்தான் கேட்டது. இருவரும் முக்கால் மணி நேரம் முட்டினார்கள். அப்புறம் இருவருக்கும் கழுத்து பிடித்துக்கொண்டது. சமம் என்று அறிவித்தார்கள். மலையாண்டி கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி, "யாருப்பா அந்த எழுத்தை வெட்டினவன்? அவனைக் கொஞ்சம் கூட்டிட்டு வாங்க," என்றான். அய்யாவு கூட்டத்தில் தாழ்ந்து உட்கார்ந்துகொண்டான்.

திடலை விட்டு வரும்போது வெளியே ஒருவர் அவன் தோளைத் தொட்டார். பத்து ரோட்டு பிரஸ்ஸின் மானேஜர் ரெங்கசாமி. மடிப்புக் கலையாத கோட்டு, வாசனை எண்ணெய்.

"அந்த நோட்டீஸ் நீங்க பண்ணதுதானே? நம்மகிட்ட வாங்க. திங்கக்கிழமை காலையில நானே ரிக்‌ஷா எடுத்துட்டு ஸ்காட் ரோட்டுக்கு வரேன். ஏறி உக்காந்தா போதும்."

"பார்க்கலாம்," என்றான் அய்யாவு. அன்றும் ஞாயிறு முழுவதும் பார்த்தான். கப்பல் இனி இல்லை. அது நிச்சயம். ஆனால் பத்து ரோட்டில் புஷ்பவல்லி இல்லை, ராதாகிருஷ்ணனின் முதுகும் இல்லை. அந்தப் பன்னிரண்டு கட்டையும், பிறகு வெட்டிய ஐந்தும் ஸ்காட் ரோட்டில்தான் இருந்தன. என்ன இருந்தாலும், கதவுக்கு அந்தப் பக்கம் என்று சொன்ன மனிதன் அதை மாற்றிச் சொல்லவில்லை. கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான். இருக்கவா, போகவா? ஒரே கேள்வி.

திங்கட்கிழமை காலை அவன் ஸ்காட் ரோட்டுக்கு வந்தபோது அச்சுக்கூடத்து வாசலில் ஆட்கள் நின்றார்கள். ஜவுளிக் கடைக்காரர் அகமது, பல்பொடி விற்கிறவர், நாடகக் கொட்டகைக்காரர் ஒருவர். எல்லோர் கையிலும் குஸ்தி நோட்டீஸ். நாடகக்காரருக்குக் கதாநாயகன் ஒரு பக்கமும் வில்லன் ஒரு பக்கமும் சாய வேண்டுமாம். பல்பொடிக்காரருக்கு எந்தப் பக்கம் என்று இன்னும் தீர்மானம் வரவில்லை, எந்தப் பக்கமாவது சாய்ந்தால் போதும். தெருவின் எதிர்ப்பக்கம் ஒரு ரிக்‌ஷா நின்றது. அதில் ரெங்கசாமி உட்கார்ந்து, பக்கத்து இருக்கையைக் கைக்குட்டையால் தட்டிக்கொண்டிருந்தார்.

தம்புசாமி வாசற்படியில் நின்றார். அவர் அய்யாவைப் பார்த்தார். ரிக்‌ஷாவைப் பார்த்தார். ரெங்கசாமியின் கைக்குட்டையைப் பார்த்தார். இந்த முறை கண்ணாடி வழியாகவே பார்த்தார்.

"மொதலாளி," என்றான் அய்யாவு. "ஒண்ணு கேக்கணும். போன திங்கக்கிழமை நீங்க சொன்னது—"

"உள்ள வந்து கேளு."

"இங்கயே கேட்டுடறேன். நான் இருக்கவா, இல்ல—"

"உள்ள வாடான்னா! 'ஞ்' கட்டை கீறல் விழுந்துடுச்சு. வந்து பாரு."

அய்யாவு கேட்க வந்த கேள்வியை மறந்தான். அரைநாள் பாடுபட்ட 'ஞ்'. வேறு எதையும் யோசிக்காமல் உள்ளே பாய்ந்து மேசைக்கு ஓடினான். 'ஞ்' கட்டை துணி விரித்த தட்டில் உட்கார்ந்திருந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தான். ஒரு கீறலும் இல்லை. பக்கத்தில் மூன்று தோசை, ஒரு சொம்பு கோப்பி, சீவின பென்சில் ஆறு. புஷ்பவல்லி மேசைக்குப் பின்னாலிருந்து ஒன்றும் தெரியாதவரைப் போலத் தாள் மடித்துக்கொண்டிருந்தார். ராதாகிருஷ்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். அந்தப் புகழ்பெற்ற முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

"மொதலாளி, இது நல்லாத்தானே—"

பின்னால் வெளிச்சம் குறைந்தது. கதவின் இரண்டு பலகையும் ஒன்றாகச் சேர்ந்தன. வெளியே தம்புசாமியின் குரல், தெரு முழுவதும் கேட்கும்படி: "ரெங்கசாமி, நீங்க கிளம்புங்க. நம்ம ஆளு வேலையா இருக்கான்." அப்புறம் அந்தப் பெரிய பித்தளைப் பூட்டு கதவின் காதில் மாட்டுகிற சத்தம். சாவி ஒரு சுற்று சுற்றியது. கொஞ்சம் யோசித்தது போல நின்றது. இன்னொரு சுற்றும் சுற்றியது.